தொரைக்கு நன்றி சொன்ன சுமதி

வெள்ளி, திருவிழா முடிந்து

எல்கடுவ தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேனேஜர் தொரைக்கு மாலை போட்டு இங்கிலீசில் நன்றி சொல்வது எப்போதும் நான்தான். நான் பேசினால் மலையே அசையும். இந்த முறை கோயில் தலைவர் மைக்கை என் தம்பியின் மருமகள் சுமதியிடம் கொடுத்துவிட்டார்.

அவள் பேசியது சின்னச் சின்ன வார்த்தை: தொரை எங்களை 'லுக் ஆப்டர்' பண்ணுகிறாராம், 'லெட் டவுன்' பண்ணமாட்டாராம். லுக் என்றால் பார்ப்பது. பின்னால் ஆப்டரை ஒட்டினால் கவனித்துக்கொள்வதாம். லெட்டுக்குப் பின்னால் டவுன் வந்தால் கைவிடுவதாம். எனக்கு வாய் நிறைய 'மோஸ்ட் ஹானரபிள்' வரும். அதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிற தொரை, இன்று அவளோடு நின்று சிரித்துச் சிரித்துப் பேசினார். நானும் போய் நடுவில் நின்றுகொண்டேன்.

இந்த இங்கிலீசை யார் படித்துக் கொடுத்தது என்று தொரை கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன், "மீ, சார்" என்றேன். தொரை என் கையைக் குலுக்கி, ஞாயிறுதோறும் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் படித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

வரும் வழியில் சுமதி கேட்டாள்: "என்ன மாமா சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

"ஒனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான்."

"அப்ப ஒன்னுமில்லயா?" என்று சிரித்தாள்.

ஞாயிறு வருமுன், நாளைக்கே ஒரு நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சும்மா போகிற மாதிரி அவள் வீட்டுப் பக்கம் போக வேண்டும்.