இரண்டு வஜீஹ்கள், ஒரு மகள்

திரிபோலி, லெபனான்
14 மார்ச் 1998

கண்ணான மகன் ஜவாதுக்கு,

அப்பா ஃபவ்வாஸ் எழுதுவது. அந்த ஊர்க் குளிரிலிருந்து இறைவன் உன்னைக் காக்கட்டும். உன் அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மின்சாரம்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு காரியம் நடந்துவிட்டது. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. உன்னிடம் சொன்னாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

பத்திரிகையில் பிரபலங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத செய்திகளை நான் எழுதி வந்த பக்கம் உனக்குத் தெரியும். போன மாதம் நாடக நடிகர் வஜீஹ் நஸ்ஸாரைப் பற்றி எழுதினேன். இளவயதில் சிரியாவில் லதாகியா ஊரில் ஹியாம் என்ற நர்ஸோடு வாழ்ந்தார், கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு வந்தார் என்று ஒரு வரி. அது அச்சாகி வந்த காலையிலேயே ஆசிரியர் கத்தினார்: "யோவ், லதாகியாவுல வேலை பார்த்தது செத்துப்போன மந்திரி வஜீஹ் நாஸர்யா! அவர் பாவத்தை உசுரோட இருக்கிற மனுசன் தலையில கட்டிட்டியே!" என் குறிப்புச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். முழுப்பெயர் இல்லை, வெறும் இரண்டு முதலெழுத்துகள். அரபியில் இருவருக்கும் அதே எழுத்துகள்தான். யார் சொல்லி எழுதினேன் என்பதும் நினைவில்லை.

மறுநாள் லமீஸ் என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பது வயது, மீனா துறைமுகப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஹியாம் அவளுடைய அம்மா. வளர்த்தவர் பெயரைத்தான் பதிவில் தகப்பன் என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா சாகும்போதுதான் உண்மையைச் சொன்னாளாம். "ஐயா, அம்மா வஜீஹ் ந்...னு சொல்றப்பவே மூச்சு நின்னுடுச்சு. எந்த வஜீஹ்? நீங்கதானே எழுதினீங்க, சொல்லுங்க" என்றாள்.

எனக்கே தெரியாது என்று சொல்லாமல் அவளை நடிகர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கிழவர் பத்திரிகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "லதாகியாப் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்லப்பா" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். லமீஸ் எழுந்துவிட்டாள். அப்போது அவர், "அம்மா இன்னும் ரொட்டி ஓரத்தைப் பிச்சுப் பிச்சு ஒதுக்கி வைக்கிறாளா?" என்று கேட்டார். அவள் அப்படியே நின்றாள். அம்மா தவறிப்போய் இரண்டு வருடம் என்றாள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான், சும்மா கேட்டேன்" என்றார். வாசல் வரை வந்து, வெள்ளிக்கிழமை சாப்பிட வா என்று அவளிடம் சொன்னார்.

ஐம்பது வருடம் மேடையேறிய மனிதர். எது நடிப்பு, எது நிஜம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? மந்திரியின் பெயரைப் போட்டுத் திருத்தம் எழுது என்றார் ஆசிரியர். "எழுதாதீங்க ஐயா, செத்தவரோட மேசையில நான் உக்கார முடியாது" என்று லமீஸ் அழுதாள். கடைசியில், செய்தி யாருடையது என்று எனக்கே தெரியவில்லை, தவறு என்னுடையது என்று இரண்டே வரி எழுதினேன். பக்கத்தைப் பிடுங்கி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். லமீஸ் மூன்று வெள்ளிக்கிழமைகளாக அங்கே சாப்பிடுகிறாள். கிழவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். "போன வாரம் கோழிக்காலை என் தட்டுல எடுத்து வெச்சாரு" என்று மட்டும் சொன்னாள்.

மகனே, அங்கே உன்னை வேறு பெயரில்தான் கூப்பிடுகிறார்கள் என்று உன் அத்தை மகன் சொன்னான். நம் குடும்பப் பெயரையும் விட்டுவிட்டாயாம். கோபித்துக்கொண்டு எழுதவில்லை. நம் பெயர் அந்த ஊர் வாயில் நுழையாமல் இருக்கலாம். நீ கிளம்பிய அன்று வாசலில் உன்னிடம் நான் பேசிய கடும்பேச்சும் எனக்கு நினைவிருக்கிறது. உறையின் மேல் எந்தப் பெயரை எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். தெரிந்ததையே எழுதியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு இங்கே ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதே.

இறைவன் உன்னோடு இருக்கட்டும்.

உன் அப்பா,
ஃபவ்வாஸ் ஸம்மூர்