இரண்டு பக்கமும் பெயர் போட்ட கொக்கி

தறிச் சத்தத்துக்கு நடுவிலும் என் குரலைக் கண்டுபிடித்துவிடுகிற பாவாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம். பொதட்டூர்பேட்டையில் உங்கள் வீட்டில் அக்கா மறுபடி தறி ஓட்டுகிறாள். நான் வழக்கம்போல் திருத்தணியில் ரயிலேறி அம்பத்தூர் கம்பெனிக்குப் போய்வருகிறேன். நல்ல சேதி இவ்வளவுதான். இனி எழுதப்போவது சாக்கடை.

நூல் அறுந்ததும் தறியை நிறுத்த நீங்கள் வரைந்து தந்த கொக்கி ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, இழைமேல் இழையாக வைத்துப் பொருள் செய்கிற எங்கள் கம்பெனி 3டி பிரிண்டர் மிஷினைப் பார்த்த அன்றைக்கே சொன்னீர்கள்: "பாப்பா, இத்த படுக்க வெச்சே போடு. நிக்க வெச்சா அடுக்கு வுட்டுகினு ஒடிஞ்சிப்பூடும்." அடிப்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக வந்தது. ஆனால் நீங்கள் இருந்தவரை கம்பெனி தறிக்காரர்களுக்கு விற்றதில் ஒன்றுகூட ஒடியவில்லை.

நீங்கள் போனபின் முதலாளிக்கு அந்தச் சொரசொரப்புதான் உறுத்தியது. கொக்கியின் இரண்டு பக்கமும் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். "நிக்க வெச்சிப் போடும்மா" என்றார். ஒடியும் சார் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை. பிறகு போட்டேன்.

ஒரு வாரத்தில் பாதி ஒடிந்தது. நூல் அறுந்தும் தறி நிற்காமல் ஓடி, லுங்கியெல்லாம் வீண். கேட்க வந்த தறிக்காரர்களிடம் முதலாளி கூசாமல் சொன்னார்: "வரைஞ்சவரு கோளாறு. அவரும் இல்ல, யாரக் கேக்கறது?" ஓடும்வரை கம்பெனி பெயர், ஒடிந்ததும் உங்கள் பெயர். தூ. பக்கத்திலேயே நின்றேன் பாவா, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடம் கைகூப்பி நின்றிருந்தாள். "எங்க ஊட்டுக்காரரு தெரியாம செஞ்சிட்டாருண்ணா, மனசுல வெச்சிக்காதீங்க."

"ஆங், போனவர சொல்லி இன்னா ஆவப்போவுது" என்று அவர் போய்விட்டார். அதன்பிறகு அவள் போட்ட சோற்றை நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதலாளியை விட என்னை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

மறுநாள் பெயரில்லாமல், படுக்க வைத்து ஒன்று போட்டேன். எட்டு நாளாக அக்கா தறியில் ஓடுகிறது. ஏன் மாற்றினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

வரும் ஞாயிறு, ஒடிந்த கொக்கியோடு வீடு வீடாகப் போவேன். பாவா சரியாகத்தான் சொன்னார், நிற்க வைத்துப் போட்டவள் நான் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். முதல் வீடு அக்காவுடையது.

உங்கள் கொக்கியை ஒடித்த மச்சினி,
பாப்பா