சுவருக்கு அந்தப் பக்கம்

ஞாயிறு, இரவு.

நான் பாதியில் விட்ட கட்டடக்கலைப் படிப்பை முடிக்கப்போகும் நிஷா, இன்று தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டைப் பார்க்க வந்தாள். கல்லூரியில் நான் இந்த வீட்டை வரைந்து காட்டியபோது வாத்தியார் தீப்பெட்டி என்று சிரித்தார். இவளுக்காவது புரியவைக்க வேண்டும் என்று வெறியாக இருந்தது.

டேப் பிடித்து அளந்தாள். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், அதுவும் கூரை வரை போகாது என்று காட்டினேன். போட்டோ எடுத்தாள். "ரொம்பச் சின்னதுல்ல?" என்றாள். அவ்வளவுதான். எரிச்சலாக வந்தது.

மதியம் அம்மா கரண்டி தட்டில் படாமல் சோறு போட்டாள். நாங்கள் வழக்கம்போல மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் நிஷாவும் குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்ல யாராவது தூங்குறாங்களா?" என்றாள்.

"மணி மாமா. பெங்களூர்ல வாட்ச்மேன், நைட் டியூட்டி. பகல்லதான் தூங்குவாரு," என்றாள் அம்மா.

"இன்னாம்மா நீ? அவரு செத்து ஒரு வருஷம் ஆவுது. வீடு பூட்டிக் கீது," என்றேன்.

"தெரியும்டா. அதுக்கு இன்னா, கத்தணுமா?" அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

நிஷா சுவருக்கு மேலே இருந்த இருட்டைப் பார்த்தாள். பிறகு சாயங்காலம் கிளம்பும்வரை குரலை உயர்த்தவே இல்லை. வாசல் கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் சொன்ன எதனாலும் இல்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டும். தூக்கம்தான் வரவில்லை. இப்போது இருமல் வந்தது, அடக்கவில்லை. ராத்திரிதானே, மாமா டியூட்டிக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நன்றாக இருமினேன்.