கப்பல் டொக்டருக்குக் காத்திருக்கிற புள்ள

பெப்ரவரி 3, திங்கள்

உம்மா உறங்கிவிட்டார். நுளம்பு வலைக்குள் இருந்து எழுதுகிறேன். சாதாரணதரப் பரீட்சை முடியும்வரை கதைப் புத்தகத்தைத் தொட்டால் அது அடுப்புக்குள் போகும் என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்வார்.

ஆனாலும் இன்று பாடசாலை நூலகத்தில் அந்தத் தடித்த நாவலை மறுபடி கண்டேன். நூற்றைம்பது வருடத்துப் பழைய கதை. எட்டாம் வகுப்பில் பாதியில் விட்டது. பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு பக்கம் முழுக்கப் பனி கொட்டுகிறது. முந்தி அதைத் தாண்டிப் போவேன். இப்போது, இந்தப் புழுக்கத்திலும், கால் குளிர்கிறது!

பெப்ரவரி 6, வியாழன்

"ஏன்டி கண் வீங்கிக் கிடக்கு?" என்று வேனில் ஜுமானா கேட்டாள். இரவு அழுதழுது வாசித்த நாவலை, ஒரு மாமாகாரன் அநாதைப் பெண்ணை ஏமாற்றும் கதையை, சொன்னேன். வேன் ஓட்டும் அலியார் மாமா பாட்டை நிறுத்திவிட்டார். கிண்ணியாப் பாலத்தில் ஊர்ந்துகொண்டு, "அந்த மாமாகாரன் மட்டும் என்ட கையில கிடைக்கணும்!" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலியார் மாமா உம்மாவின் சாச்சா மகன்; எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்.

"உம்மாட்ட புத்தகத்தப் பத்திச் சொல்லிராதீங்க மாமா."

"புத்தகத்தப் பத்தி மூச்சு விடமாட்டன். நாளைக்கு மிச்சக் கதை வரணும், விளங்கிச்சா?"

பெப்ரவரி 10, திங்கள்

புத்தகத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. கதையை மட்டும் சொல்லியிருக்கிறார்!

உம்மா அடுத்த வீட்டு நஜ்முன் நிஸா மாமியிடம்: "உம்மா வாப்பா இல்லாத புள்ள. கப்பல் டொக்டர் ஒருத்தருக்குக் காத்திருக்காம். மாமாகாரன் கப்பல் கடலுக்கடியில தாண்டுபோச்செண்டு பொய் சொல்லி, கிழவன் ஒருத்தனுக்குக் கட்டிக் குடுக்கப் போறானாம்."

"ஆர்ட வீட்டில?"

"அலியார் பேர் சொல்லமாட்டானாம். வாக்குக் குடுத்திட்டானாம்."

பிட்டு எனக்குப் புரையேறியது. தொழுதுவிட்டு உம்மா அந்தப் பெண்ணுக்காக நெடுநேரம் துஆக் கேட்டார்.

பெப்ரவரி 13, வியாழன்

நாளை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவும் மாமியும் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போகிறார்களாம், கலியாணத்தை நிறுத்த. யா அல்லாஹ்!

சொன்னால் புத்தகம் அடுப்பில். சொல்லாவிட்டால் ஊரே உம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். டொக்டர் வருவாரா என்று எனக்கே இன்னும் தெரியாது. என்ன செய்ய?

பெப்ரவரி 14, வெள்ளி

விடிந்ததும் குசினிக்குள் போய், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த உம்மாவிடம் புத்தகத்தை நீட்டினேன். எல்லாம் சொன்னேன்.

"அப்ப அந்தப் புள்ள?"

"இல்ல உம்மா."

"மாமாகாரன்?"

"அவனும் இல்ல."

"நான் அந்தப் புள்ளைக்காக அழுதனான்டி!"

புத்தகத்தைப் பறித்து அலுமாரிக்கு மேலே வைத்தார். பிறகு அலியார் மாமாவுக்குப் போனில் விழுந்த ஏச்சு தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் புத்தகத்தை அடுப்பில் வைக்கவில்லை. ஏன்?

பெப்ரவரி 17, திங்கள்

பருப்பு அடிப்பிடித்திருந்தது. உம்மாவின் சமையலில் இது நடந்ததே இல்லை. வாப்பா தண்ணீரோடு விழுங்கினார். நான் அலுமாரிக்கு மேலே பார்த்தேன். புத்தகம் இல்லை.

"பாடம் படிச்சாச்சா?"

"ஓம் உம்மா."

"அப்ப இதில வந்து இரி. இந்தப் பேருகள் என்ட வாயில நுழையுதில்ல." தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டியே வாசித்திருந்தார். அங்கிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

டொக்டர் வருகிறாரா என்று பார்க்கும் அவசரத்தில், மறுபடி பனி கொட்டும் ஒரு பக்கத்தைத் தாண்டிப் புரட்டப் போனேன்.

உம்மா என் கையைப் பிடித்தார்.

"அதையும் வாசி. குளிரட்டும்."