கட்டிங் மாஸ்டர் திரும்பி வந்தார்

என்னங்க,

நான் சுகம். உங்கள் வலது கையில் கொஞ்சமாவது அசைவு தெரிகிறதா? பாப்பா இதை நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

போன மாதம் எங்கள் தையல் கம்பெனி கட்டிங் மாஸ்டருக்கு வேலை நடுவில் வாய் கோணி, கை தொங்கிவிட்டது. உங்களுக்கு வந்த அதே பக்கவாதம். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் உடனே ஸ்கேன் எடுத்து, மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இன்று கத்தரியும் கையுமாக வந்து, பழையபடி எங்களைத் திட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

"உன் வீட்டுக்காரருக்கு ஏம்மா அந்த ஊசி போடலை?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ப் பக்கத்துல ஸ்கேன் இல்லைங்க. இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஊசி போடுற நேரம் தாண்டிப்போச்சுன்னுட்டாங்க."

பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான், கவலைப்படாதீர்கள். அவர் நல்ல மனுஷர், பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரிகிறது. அவர் விழுந்த இடத்தில் மருந்து இருந்தது, நீங்கள் விழுந்த இடத்தில் இல்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

அவசரமாக விழுங்காதீர்கள், புரையேறும். பாப்பா, அப்பாவை அடிக்கடி புரட்டிப் படுக்க வை.

மணி அடித்துவிட்டது. நான் ஃபோன் செய்யும்போது, பேச்சு வரவில்லையே என்று கோபத்தில் தள்ளிவிடாதீர்கள். காதில் வைத்துக்கொண்டாலே போதும். நீங்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

உங்கள் பெண்டாட்டி