முறுக்கு இன்னும் சாப்பிடவில்லை

மான்மவுத் ஜங்ஷன்
ஜனவரி 12, 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

போன் வேண்டாம், பாம்பைப் பற்றி ஏதாவது இருந்தால் மட்டும் மெயில் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் பாம்பைப் பற்றியே எழுதுகிறேன். நீ பிளானோ போய் ஐந்து வாரமாயிற்று. உன் மலைப்பாம்பு முறுக்கு இதுவரை ஒரு எலியைக்கூடத் தொடவில்லை.

நீ எழுதி வைத்தபடி கராஜ் ஃப்ரீசரில் உறைந்திருக்கும் எலியை எடுத்து, ஜிப்லாக் பையோடு வெந்நீரில் போட்டு, இடுக்கியில் பிடித்து மூஞ்சிக்கு நேரே ஆட்டுகிறேன். அது தலையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்கிறது. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி அத்தனை பிகு. நானும் விடவில்லை, காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கெஞ்சுகிறேன். உங்கம்மா இருந்திருந்தால், "ஏனுங், அந்தக் கையோட என்ற சட்டியைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் இருக்குது உங்களுக்கு" என்று ஆடியிருப்பாள்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

இப்படிக்கு,
அப்பா (கிட்டுசாமி)

*

பிளானோ
ஜனவரி 13, 2025

அப்பாவுக்கு,

தினமும் ரெண்டு வேளையா? ஐயோ, முதலில் அதை நிறுத்துங்கள். குளிர்காலத்தில் இந்தச் சின்ன வகை மலைப்பாம்பு மாசக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். தொந்தரவு செய்யச் செய்ய இன்னும் பிடிவாதம் பிடிக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். ஹேர் டிரையரால் எலியின் தலையைச் சூடு பண்ணுங்கள், அந்தச் சூட்டை வைத்துத்தான் அது இரை என்று கண்டுபிடிக்கும். தொட்டியை மூன்று பக்கமும் துணியால் மூடுங்கள். கையில் தூக்காதீர்கள். வாரம் ஒரு முறை மட்டும் மாவு நிறுக்கும் தராசில் வைத்து எடையை அனுப்புங்கள். நான் கிளம்பும்போது 1510 கிராம்.

இந்த அபார்ட்மெண்டில் பாம்பு வைத்துக்கொள்ள விட மாட்டேன் என்கிறார்கள். வேறு இடம் கிடைத்ததும் எடுத்துக்கொள்வேன்.

அம்மா கருமாதியன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "நீ டைவர்ஸ் பண்ணிட்டு வந்து நின்ன பாரு, அந்தக் கவலைதான் உங்கம்மாளைக் கொண்டுபோச்சு." எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அதனால் எடை மட்டும் எழுதுங்கள், போதும்.

வான்மதி

*

மான்மவுத் ஜங்ஷன்
மார்ச் 2, 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

இன்னும் சாப்பிடவில்லை. எடை 1390.

ஹேர் டிரையர் பிடித்ததில் எலி நாற்றம் மாடி வரை போய்விட்டது. நேற்று வந்த என் சிநேகிதன் வெள்ளியங்கிரி கிண்ணத்தில் பால் கொண்டுவந்தான். "பாம்புன்னா பால் குடிக்காதா கிட்டு?" என்கிறான். முப்பது வருஷம் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் எழுதிய ஆள்! என்னிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்தப் பாலில் காபி போட்டுக் குடித்துவிட்டுப் போனான்.

அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதா? தொட்டியின் சூடு எத்தனை டிகிரி வைக்கலாம் என்பதற்காகக் கேட்கிறேன்.

அப்பா

*

பிளானோ
மார்ச் 9, 2025

அன்புள்ள அப்பா,

ஃபாரன்ஹீட்டில் ஒரு பக்கம் தொண்ணூறு டிகிரி, மறுபக்கம் எண்பது. வெள்ளியங்கிரி அங்கிள் பால் கதையைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று சிரித்து.

எலியென்றால் எட்டடி தள்ளி நிற்பீர்கள். எனக்காக இத்தனையும் செய்துகொண்டிருக்கிறீர்கள். நான் அப்படி வெடுக்கென்று எழுதியிருக்க வேண்டாம். சாரிப்பா. நேற்று ரசம் வைத்தேன், அம்மா வைக்கிற ருசி வரவில்லை. அவள் மிளகை வறுத்துப் போடுவாளா, பச்சையாகவா? தெரிந்தால் எழுதுங்கள்.

வான்மதி

*

பிளானோ
மே 20, 2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் அனுப்பிய எடை 1180 என்று பார்த்ததும் மீட்டிங்கிலிருந்து பாதியில் எழுந்து போய் அழுதேன். இது சும்மா பட்டினி இல்லை, ஏதோ வியாதி. ஒரு மாதமாகத் தூக்கமில்லை எனக்கு.

நம் வீட்டுக்குப் பக்கத்தில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மாளவிகா என்று ஒரு பெண் பாம்பு, ஆமைகளை எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துப்போய், தொண்டையில் குழாய் விட்டு உணவு ஏற்றுவாள். அது ஆபத்துதான், வேறு வழியில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் என்னைக் குத்திப் பேசாமல் என்னோடு இருந்தது அது ஒன்றுதான். அது செத்தால் என்னால் தாங்க முடியாதுப்பா.

வான்மதி

*

மான்மவுத் ஜங்ஷன்
மே 21, 2025

அம்மிணி,

குழாய் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் உடனே சொல்லிவிடு. முறுக்கு சாப்பிடுகிறது. பிப்ரவரி ஒன்பதாம் தேதியிலிருந்து பத்து நாளைக்கு ஒரு எலி, தவறாமல். அதற்கப்புறம் நான் அனுப்பிய எடையெல்லாம் பொய். இன்றைய எடை 1640.

சாப்பிட்ட அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். சாப்பிட்டுவிட்டது என்று தெரிந்தால் அப்புறம் நீ எதற்கு எனக்கு எழுதப் போகிறாய் என்று தோன்றியது. அழித்துவிட்டு 'சாப்பிடவில்லை' என்று அடித்தேன். அடுத்த வாரமும் அப்படியே. நீ ரசத்துக்கு மிளகு கேட்டு எழுதினாய் பார், அதற்கப்புறம் என்னால் நிறுத்தவே முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கம்மாவுக்கு மூளையில் வெடித்த ரத்தக்குழாய் பிறவியிலிருந்தே பலவீனமாக இருந்ததாம். கவலையாலும் வரவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். தெரிந்துதான் கருமாதியில் உன்னைச் சொன்னேன். யார் தலையிலாவது போடாமல் அன்றைக்கு என்னால் நிற்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணு.

அப்பா

*

பிளானோ
மே 25, 2025

அப்பாவுக்கு,

மாளவிகா நேற்று எடுத்துப்போனதும் எடை போட்டுப் பார்த்தாள். 1640தான், கொழுகொழுவென்று இருக்கிறதாம். உங்களிடம் திருப்பித் தர வேண்டாம் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். புது அபார்ட்மெண்ட் கிடைத்துவிட்டது, இங்கே அனுப்பிவிடுவாள்.

எடையில் பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். டாக்டர் சொன்னதை எப்படி அப்பா வைத்துக்கொண்டிருந்தீர்கள்? ஆறு மாதமாக, நான்தான் அம்மாவைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு படுக்கிறேன், அதையே நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. இத்தனை மெயிலில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டதா? மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த பிறகுதானே சொல்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

வான்மதி

*

மான்மவுத் ஜங்ஷன்
ஜூன் 1, 2025

அம்மிணி,

எழுத வேண்டாம் என்றாய். முறுக்குக்காக இந்த ஒன்று மட்டும்.

நீ எழுதி வைத்ததில் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு நாள் எலியை ஆட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. எலியைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் எலி இல்லை. எதிரே ஆள் நின்றால் அது தொடுவதில்லை. வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சாப்பிட்டதா என்று கதவிடுக்கில்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. எனக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

மிச்சமிருந்த பதினொரு எலியையும் மாளவிகாவிடம் கொடுத்துவிட்டேன். தொட்டியின் ஹீட்டரை அணைத்தாயிற்று.

உன் மெயில் வருகிறதா என்று பார்க்க மாட்டேன் என்றால் அதுவும் பொய்யாகிவிடும். தினமும் பார்ப்பேன். ஆனால் நான் எழுத மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். நீயாக எழுதினால் உண்டு.

அப்பா