மூன்று ‘வேண்டாம்’ எழுதிய டாக்டரம்மாவுக்கு

வாக்காளர் அட்டையைத் தேடி பீரோவைக் கவிழ்த்தேன். அட்டை கிடைக்கவில்லை, என் மகனுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த சான்றிதழ் கிடைத்தது. அன்றைக்கு நான் கசக்கிய கசக்கலில் தாள் முழுக்கச் சுருக்கம். என் பொண்டாட்டி நீவி எடுத்து வைத்திருக்கிறாள். பார்த்ததும் பழைய கோபம் சூடு ஆறாமல் வந்தது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். அதையெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பத்தாவதையே இரண்டு முறை எழுதியவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

தாளில் இருந்தது இங்கிலீஷ். மருந்துக்கடைக்காரர்தான் படித்துச் சொன்னார். வேலைக்குப் போகலாம், ஆனால் ஓடுகிற மிஷின் பக்கத்தில் வேண்டாம், உயரத்தில் வேண்டாம், நைட் ஷிப்ட் வேண்டாம். மகனுக்கு வலிப்பு உண்டு என்பது அதுவரை எங்கள் ஊர் படப்பையில் உங்களுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை மிஷினில் அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் அவனை எடுக்கத் தயாராக இருந்தார்கள். அவர்கள் கேட்டது ‘ஃபிட்’ என்ற ஒரே சொல். நீங்கள் மூன்று ‘வேண்டாம்’ எழுதினால் எவன் எடுப்பான்?

அந்தத் தாளோடு உங்களிடம் திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை. உங்கள் கிளினிக்கில் லீவுக்குச் சர்டிபிகேட் கேட்டு பாதிக் கூட்டம், நிஜக் காய்ச்சலோடு பாதிக் கூட்டம். வரிசையைத் தாண்டி உள்ளே வந்தேன்.

“இன்னாம்மா, ஒரு வார்த்தை எழுத உனுக்கு இன்னா வலிக்குது? எம்புள்ள வூட்ல குந்திகினு கீறான்!”

“ரெண்டு வருஷம் மாத்திரையை விடாம போடட்டும். வலிப்பு வரலைன்னா நானே எழுதித் தரேன்.”

“அது வரிக்கும் கம்பெனி இவனுக்குத் துண்டு போட்டு எடம் புடிச்சி வெச்சிருக்குமா?”

அப்புறம் நான் பேசியது எழுதுகிற மாதிரி இல்லை. நர்ஸ் பெண் அழுதேவிட்டாள். “கத்துறவரப் பாத்து பயப்படாதம்மா. இவ்ளோ தெம்பு இருந்தா உடம்புக்கு ஒண்ணுமில்ல” என்று அவளுக்குச் சொன்னீர்கள். வரிசையே சிரித்தது. அவ்வளவு ஆரோக்கியமாக நான் ஒருபோதும் அவமானப்பட்டதில்லை.

வேறு ஊரில் வேறு டாக்டர் கிடைத்தார். மகனின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ‘ஃபிட்’ எழுதினார். வேலை கிடைத்ததும், உங்களைக் குத்திக்காட்டவே ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். “மாத்திரை போடுறானா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

போடவில்லை. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பையைப் பிரித்துப் பார்ப்பான். மாத்திரை கண்ணில் பட்டால் கேள்வி வரும். “பையில வெக்காதடா” என்று சொன்னவன் நான்தான். ஷிப்ட் மாறி மாறி வந்ததில் வீட்டில் போடுவதும் விட்டுப்போனது. மூன்றாம் வாரம், பட்டப்பகலில், வேலை நடக்கிற லைனில் வலிப்பு வந்து விழுந்தான். பிரஸ் பக்கம் விழவில்லை. டிராலி பக்கம் விழுந்தான். நெற்றியில் தையல் போட்டு, வேலையை விட்டும் நிறுத்தி அனுப்பினார்கள்.

மறுநாள் உங்களிடம்தான் வந்தேன். வேறு யாரிடம் போக? நீங்கள் திட்டினால் சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்தேன். “மாத்திரை எப்பப்பா நிறுத்தின?” என்று அவனைக் கேட்டீர்கள். அவன் என்னைப் பார்த்தான். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்தீர்கள், கையை மடக்கி நீட்டச் சொன்னீர்கள், அதே மாத்திரையை மறுபடி எழுதினீர்கள். போகும்போது அவன் கும்பிட்டான். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தொழிலில் கிடைக்கிற கூலி அவ்வளவுதான் போல.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அந்த வாய்ப்பையும் கொடுக்காமல் போய்விட்டீர்கள். கிளினிக் நாற்காலியிலேயே மாரடைப்பாம். ஊருக்கெல்லாம் பி.பி. பார்த்தவருக்குத் தன்னுடையதைப் பார்க்க வரிசையில் இடம் கிடைக்கவில்லையா? இதில் எதற்கென்று உங்களை மன்னிப்பது?

மகன் இப்போது வடக்குப்பட்டில் ஒரு குடோனில் பகல் வேலை பார்க்கிறான். வலிப்பு வராமல் இரண்டு வருஷம் போன மாதத்தோடு முடிந்தது. நானே எழுதித் தரேன் என்றீர்களே, யாரிடம் போய்க் கேட்பது?

ஊர் மட்டும் என்னை ‘ஃபிட்’ வாங்கத் தெரிந்தவன் என்றே நினைக்கிறது. போன வாரம் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மகளுக்கு வலிப்பு, கம்பெனியில் மிஷின் வேலை காத்திருக்கிறது, என் மகனுக்கு ‘ஃபிட்’ எழுதிக் கொடுத்த அந்த வேறு ஊர் டாக்டரின் விலாசம் வேண்டுமாம். தெரியாது என்றேன். நம்பவில்லை. தர மாட்டேன் என்றேன்.

“உம்புள்ளைக்கி மட்டும் வாங்கிகின. எம்பொண்ணு நாசமாப் போவணுமா? நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா?”

தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு நல்ல நல்ல பதில்களாக வாயில் வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. அவர் போன பிறகு பொண்டாட்டி தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். நான் கத்திய அன்றைக்கு உங்கள் வாயிலும் இப்படி நல்ல நல்ல பதில்கள் வந்திருக்கும், நீங்களும் விழுங்கியிருப்பீர்கள் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது, டாக்டரம்மா.